தையற் பாடம்

பூசணிக்காய், சுரைக்காய், தர்ப்பூசணி, வெள்ளரி, கக்கரி, பலா, கோவைப்பழம், வில்வப்பழம், குவளைத் தண்டு என்று எழுதிய ஒரு ஜாபிதாவை யாராவது கையில் கொடுத்தால், கல்யாண வீட்டுப் பரிசாரகர் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்புவதற்காக எழுதியது என்றே எண்ணிக்கொள்வோம். மேலே படிக்கப் படிக்க, சேறும் நீரும் நிறைத்த தோற்பை, மயிர் உதிர்க்காத தோல், செத்த மிருகத்தின் பல், புழு அரித்த கட்டை, மெழுகு பூசிய இலவம்பலகை என்றெல்லாம் வரும்போதுதான் இது சமையலுக்கு உரிய ஜாபிதா அன்று என்பது புலப்படும். சுசுருத சம்ஹிதையின் முதற் பகுதியாகிய சூத்திரஸ்தானத்தில் 9ஆம் அத்தியாயம், ரண வைத்தியம் கற்க வந்த மாணாக்கன் மனித உடம்பில் கத்தி வைப்பதற்கு முன்னால் எந்தெந்தப் பொருள்களில் கை பழக வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. மேற்கண்ட காய்களும் தோல்களும் அந்த வகுப்பறையின் தட்டுமுட்டுச் சாமான்கள்.

அந்த அத்தியாயத்துக்கு யோக்யாசூத்ரீயம் என்று பெயர். யோக்யை என்றால் அப்பியாசம். நூல் முழுவதையும் ஐயந்திரிபறக் கேட்டிருந்தாலும், அப்பியாசம் செய்யாதவன் காரியத்துக்கு உதவமாட்டான் என்று சொல்லவந்த ஆசிரியர், யோக்யை செய்யாதவன் அயோக்யன் என்று ஒரே தாதுவில் பிறந்த இரண்டு சொற்களைக் கோத்து வைத்துவிட்டார். கை பழகாதவன் என்ற அளவிலே நின்றிருந்த அந்தச் சொல், தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்து, பிறர் பொருளைக் கொண்டு ஓடுகிறவனுக்கும் பொய்ச் சாட்சி சொல்லுகிறவனுக்கும் உரிய வசைமொழியாகிவிட்டது. பயிற்சியில்லாமல் கத்தியெடுக்கும் வைத்தியனுக்கும் அந்த வசை பொருந்தும் என்பதனால் நான் அதைப்பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

ரண சிகிச்சையின் தொழில்களை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பதிலுடம்பு ஒன்றை அந்நூல் தேடித் தருகிறது. வெட்டியெடுக்கும் சேத்தியத்துக்குப் பூசணியும் சுரையும் வெள்ளரியும். பிளந்து திறக்கும் பேத்தியத்துக்கு நீரும் சேறும் அடைத்த தோற்பையும் மிருகங்களின் மூத்திரப்பையும். சுரண்டுவதற்கு மயிரடர்ந்த தோல். இரத்தக்குழாயைக் குத்துவதற்குச் செத்த பிராணியின் நாளங்களும் குவளைத் தண்டும். புண்ணின் உள்வழியைச் சலாகையால் துழாவிப் பார்ப்பதற்குப் புழு அரித்த கட்டையும் மூங்கிலும் நாணலும் காய்ந்த சுரைக்காயின் வாயும். உள்ளே சிக்கியதைப் பிடுங்கியெடுப்பதற்குப் பலாவின் சதையும் கோவையும் வில்வமும் செத்த மிருகத்தின் பல்லும். கசியவிடுவதற்கு மெழுகு பூசிய இலவம்பலகை. இவற்றை வெறுமனே படித்துக்கொண்டு போனால் ஜாபிதாவாகவே தோன்றும். ஒரு நாள் அடுக்களையில் உட்கார்ந்து, பழுத்த வில்வத்தின் பிசுபிசுத்த சதைக்குள்ளிருந்து ஒரு விதையைச் சிதையாமல் இடுக்கியால் எடுத்துப் பார்க்கிறவனுக்குத்தான், மாமிசத்தில் புதைந்த முள்ளையோ அம்பு நுனியையோ எடுப்பதற்கு இதைவிடத் தகுந்த பாடம் வேறில்லை என்பது பிரத்தியட்சமாகும். சேறடைத்த பையைக் கீறுகிறவன், கட்டி உடையும்போது கத்தி எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதையும், உள்ளே இருப்பது முகத்தில் தெறிக்காமல் எப்படி ஒதுங்கி உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வான்.

எட்டாவதாகிய சீவியத்துக்கு, அதாவது தையலுக்கு, காயும் இல்லை, கனியும் இல்லை. நெருக்கமாக நெய்த மெல்லிய துணியின் இரண்டு ஓரங்களையும், மென்மையான தோலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துப் பழகவேண்டும் என்பது விதி. கட்டுக்கட்டுவதற்குப் பஞ்சினாலோ துணியினாலோ மரத்தினாலோ செய்த ஆளுயரப் பொம்மை ஒன்று வைத்திருந்தார்கள். அதன் கைகால்களிலும் தலையிலும் மாணாக்கர்கள் துணிச்சுருளைச் சுற்றிச் சுற்றிப் பழகினார்கள். அறுந்த காதைப் பொருத்தும் பாடத்துக்கு மெல்லிய தோலும் மாமிசத் துண்டும் குவளைத் தண்டும் கொடுக்கப்பட்டன. சம்ஹிதையின் காலத்தைப்பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை. ஆனால் எந்த நூற்றாண்டாயிருந்தாலும், அந்தப் பொம்மையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவன் அதற்கு மீசை வரைந்திருப்பான் என்று நம்புவதற்கு எனக்குத் தடையில்லை.

துணியையும் தோலையும் தேர்ந்தெடுத்ததிலே ஒரு சரித்திர உண்மை மறைந்து நிற்கிறது. வைத்தியன் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே தையற்காரனும் செம்மானும் பிறந்துவிட்டார்கள். ஊசி அவர்களுடையது, நூலும் முடிச்சும் அவர்களுடையவை. சம்ஹிதையின் 25ஆம் அத்தியாயம் தையலை நான்கு வகையாகப் பெயரிடுகிறது. சுற்றிக்கொண்டே போவது வேல்லிதகம், கவண்போல அமைவது கோபணிகை, இடையிடையே தனித்தனியாக முடிந்து நிறுத்துவது ருஜுக்கிரந்தி, நான்காவது துன்னசேவனி. வடமொழியில் துன்னவாயன் என்றால் தையற்காரன். ஆகவே துன்னசேவனி என்பது தையற்காரன் கிழிசலை இழையோட்டுகிற முறை என்பதைத் தவிர வேறொன்றாக இருக்கமுடியாது. இந்தச் சொல் நமக்கும் அந்நியமன்று. பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் சிலப்பதிகாரம், துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் துன்னம் என்ற அந்த வேர்ச்சொல்லைக் கொண்டே அடுத்தடுத்துச் சொல்லிவைக்கிறது. துணித் துன்னரும் தோல் துன்னரும் வாழ்ந்த வீதியில் மூன்றாவதாக உடம்புத் துன்னர் ஒருவரும் குடியிருந்திருக்கலாம் என்று எண்ணுவது என் ஆசையே ஒழிய, அதற்கு இளங்கோவடிகள் சாட்சி சொல்லமாட்டார்.

ஊசியைப்பற்றியும் நூலைப்பற்றியும் அதே அத்தியாயம் சொல்வதைக் கேட்டால், சொல்லுகிறவர் ஏட்டுச் சுரைக்காய்க்காரர் அல்லர் என்பது விளங்கும். சதை குறைந்த இடத்திலும் மூட்டுக்களிலும் தைப்பதற்கு உருண்டையான இரண்டங்குல ஊசி. சதை தடித்த இடத்துக்கு மூன்று விளிம்பு கொண்ட மூன்றங்குல ஊசி. மர்ம ஸ்தானங்களிலும் வயிற்றிலும் வில்லைப்போல வளைந்த ஊசி. இன்று சத்திரசிகிச்சை அறையில் தட்டின்மேல் பரப்பி வைத்திருக்கும் ஊசிகளிலும் உருண்டையானவை, விளிம்பு கொண்டவை, வளைந்தவை என்ற பாகுபாடுதான் இருக்கிறது. தோல் கெட்டியானதனால் விளிம்புள்ள ஊசியும், குடல் மெல்லியதனால் உருண்டை ஊசியும் என்று நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். நூலுக்கோ மெல்லிய பருத்தி இழை, மரப்பட்டை நார், சணல், ஆளிநார், தசைநாண், மயிர், மூர்வை நார், சீந்தில் நார் என்று கைக்கெட்டியதெல்லாம் சொல்லப்படுகிறது. ஊசியை விளிம்புக்கு மிக அருகிலே குத்தினால் விளிம்பு பிய்ந்துபோகும், மிகத் தூரத்திலே குத்தினால் நோவெடுக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. பொத்துப்போன குடலுக்கு நூலையே நம்பாமல், பெரிய கரிய எறும்புகளைக் கொண்டு இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கடிக்கவிட்டு, தலை மட்டும் பற்றிக்கொண்டு நிற்க உடலைக் கிள்ளி எறிந்துவிடும் உபாயத்தையும் அந்நூல் வேறோரிடத்தில் கூறுகிறது.

தைத்தவனுடைய கையைச் சம்ஹிதை காட்டுகிறதென்றால், தைக்கும்போது அருகே நின்று பார்த்தவனுடைய கண்ணைச் சங்கச் செய்யுள் காட்டுகிறது. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், போர்வீரருடைய மார்பில் நெடிய வெண்மையான ஊசி கொண்டு தைத்த தழும்புகளைச் சொல்லவந்த புலவர், மீனைத் தேடிச் சுற்றித் திரியும் சிரற்பறவை, அதாவது மீன்கொத்தி, குளிர்ந்த குளத்துக்குள்ளே மூழ்கி மேலே எழுவதை அந்த ஊசிக்கு உவமையாக்குகிறார். உ. வே. சாமிநாதையர் 1904இல் அந்நூலை அச்சிட்டு வெளியிட்ட பின்பு இந்த உவமையைப் படித்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அதன் பொருத்தம் முழுவதும் தெரிய வேண்டுமானால் ஒரு முறையாவது காயம் தைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மீன்கொத்தி நீரின்மேல் சாய்ந்து வழுக்கிக்கொண்டு இறங்குவதில்லை; தலைகீழாக, செங்குத்தாக விழும். அவ்விதமே ஊசிமுனை தோலின்மேல் நிமிர்ந்து நின்று நேரே இறங்க வேண்டும். சாய்த்துக் குத்தினால் தோலின் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, காயம் ஆறிய பிறகும் பள்ளம் விழும். பறவை மூழ்கின இடத்தில் ஒரு கணம் ஒன்றும் தெரியாது. பிறகு அது சிறிது தள்ளி, நீர் சொட்டச் சொட்ட, அலகில் ஏதோ ஒன்றுடன் எழும். இரத்தத்தில் மூழ்கின வெள்ளூசி, எதிர்ப்பக்கத்தில் தலைகாட்டுகிற அந்தக் கணத்துக்காகத்தான் புதிய மாணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.

ஊசியைப்பற்றி இவ்வளவு சொன்னவர்கள் முடிச்சைப்பற்றி அதிகம் பேசவில்லை. முடிச்சுக்கு நூல் செய்தவர்கள் கிரேக்கர்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெராக்ளஸ் என்ற வைத்தியர், எலும்பு முறிவைச் சரிசெய்வதற்கும் கைகால்களை இழுத்துக் கட்டுவதற்கும் உதவும் சுருக்குகளையும் முடிச்சுக்களையும், எப்படிக் கட்ட வேண்டும் என்று விவரித்து எழுதினார். அந்த விவரணங்களை 4ஆம் நூற்றாண்டில் ஒரிபேசியஸ் தம்முடைய பெரிய வைத்தியத் தொகுப்பில் சேர்த்துவைத்ததனால் அவை அழியாமல் தப்பின. அவற்றுள் ஒன்று ஹெர்க்குலிஸ் முடிச்சு. இப்படி முடிந்து கட்டிய காயம் விரைவிலே ஆறும் என்று ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்தார். அது மந்திர சக்தி என்று அவர் நினைத்திருக்கக்கூடும். காரணம் அவ்வளவு தூரம் போகவேண்டியதன்று. வலது இழையை இடது இழையின்மேல் போட்டு ஒரு பின்னல், உடனே இடது இழையை வலது இழையின்மேல் போட்டு மறு பின்னல். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக அமைவதால் முடிச்சு தட்டையாகப் படிந்து, இழுக்க இழுக்க இறுகுமே ஒழிய நழுவாது. இரண்டு பின்னலையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால், கண்ணுக்கு முடிச்சைப்போலவே இருக்கும். நூலின் நுனிகள் மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். சிறிது நேரம் பொறுத்திருந்து வழுக்கி அவிழ்ந்துவிடும். இந்தப் போலி முடிச்சுக்கு ஆங்கிலேய மாலுமிகள் 'பாட்டி முடிச்சு' என்று பெயரிட்டு, தங்களுடைய அவசரப் புத்தியின் பழியை வீட்டுக் கிழவிகளின் தலையில் வைத்துவிட்டார்கள்.

அந்தப் போலி முடிச்சோடு எனக்கு நேர்முகமான பழக்கம் உண்டு. மாணவனாயிருந்த நாளில், ஓர் ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் இரவு முறை பார்த்துக்கொண்டிருந்தபோது, முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு சிறுவனுக்கு ஐந்து தையல் போட்டு, ஒவ்வொன்றையும் வெகு கம்பீரமாக முடிந்து அனுப்பினேன். மறுநாள் காலையில் அவனைத் தாயார் திரும்ப அழைத்துவந்தபோது, ஐந்தில் இரண்டு அவிழ்ந்து, காயம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று வார்டிலே இருந்த பெரிய டாக்டர் ஒரு வார்த்தையும் வையவில்லை. மீதி மூன்று முடிச்சுக்களைக் குனிந்து பார்த்து, "இதுவும் மத்தியானத்துக்குள் வந்துவிடும்" என்று மட்டும் சொல்லி, தம் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது முதல் என் விடுதி அறையிலிருந்த இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி, பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டும் கோவில் மரத்தைப்போல ஆகிவிட்டது. சத்திரசிகிச்சை அறையில் வெட்டியெறிந்த கறுப்புப் பட்டுநூல் துண்டுகளைக் கெஞ்சி வாங்கிவந்து, இரண்டு கையாலும், பிறகு ஒரு கையாலும், பிறகு விளக்கணைத்த இருட்டிலும் முடிந்துகொண்டே இருந்தேன். ஒரு கையால் முடிவதென்பது, மற்றொரு கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு, இடது கையின் நடுவிரலும் ஆட்காட்டி விரலும் நூலை வளைத்து, உள்ளே நுழைத்து, நகத்தின் முதுகால் இழுத்துவிடுகிற ஒரு விளையாட்டு. வாயால் சொல்லி அதைக் கற்பிக்க முடியாது. விரலுக்குத் தானாகத் தெரியவேண்டும்.

ஐரோப்பாவில் ரண வைத்தியம் வெகு காலம் நாவிதருடைய தொழிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லண்டனில் 1540இல் நாவிதரும் ரண வைத்தியரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745இல்தான் பிரிந்தார்கள். பழகுவதற்குப் பிரேதம் வேண்டும், பிரேதம் கிடைப்பதோ அரிது என்ற நெருக்கடி முற்றிப்போய், 1828இல் எடின்பரோவில் இரண்டு பேர் ஆட்களைக் கொன்றே உடல் விற்ற கொடுமையும், அதன் பின்விளைவாக 1832இல் சட்டம் பிறந்ததும் பலருக்கும் தெரிந்த விருத்தாந்தம். அதை விரிப்பதற்கு எனக்கு விருப்பமில்லை. நம் தேசத்து நிகழ்ச்சி ஒன்றை மட்டும் சொல்லாமல் விடமாட்டேன். 1835இல் சென்னையிலும் கல்கத்தாவிலும் வைத்தியப் பள்ளிகள் பிறந்தன. மறு வருஷம் கல்கத்தாக் கல்லூரியில் சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித சவத்தின்மேல் கத்தி வைத்த பண்டித மதுசூதன குப்தர், அதே காலத்தில் சுசுருத சம்ஹிதையை முதன்முதலாக அச்சேற்றியவரும் ஆவார். சவத்தை ஆற்று நீரில் ஏழு இரவு ஊறவைத்துப் பார்க்கும்படி சொன்ன நூலின் அச்சுப் படிகளை ஒரு கையாலும், சவத்தையே மறு கையாலும் அவர் தொட்டார்.

இனி நூல். 1860களில் ஜோசப் லிஸ்டர் காயங்களைக் கார்பாலிக் அமிலத்தால் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகு, உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் நூல் கிடைத்தால் நலமென்று தேடி, 1868இன் இறுதியில் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்து நாளத்தை, அமிலத்தில் ஊறவைத்த குடல்நரம்பால் கட்டிச் சோதித்தார். அந்த நரம்புக்கு ஆங்கிலத்தில் பூனைக்குடல் என்று அர்த்தப்படும் பெயர் நிலைத்திருந்தாலும், எந்தப் பூனையும் அதற்காக உயிர் விட்டதில்லை. அது ஆட்டுக்குடல்; வாத்தியங்களுக்கு நரம்பு முறுக்குகிறவர்கள் செய்து வந்த பண்டம். துணித் துன்னனிடமிருந்து ஊசியையும், தோல் துன்னனிடமிருந்து தையலையும் வாங்கிக்கொண்ட வைத்தியன், சங்கீதக்காரனிடமும் கைநீட்டிவிட்டான். வழுக்கும் தன்மை அதற்கு அதிகமாதலால், இரண்டு பின்னல் போதாமல் மூன்றாவதும் போடவேண்டும்.

1894ஆம் வருஷம் ஜூன் மாதம் 24ஆம் தேதி இரவு, பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில், குடியரசுத் தலைவர் ஸாதி கார்னோ வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, ஓர் இத்தாலிய அராஜகவாதி அவர் வயிற்றில் கத்தியைப் பாய்ச்சினான். கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளம் அறுந்துபோயிற்று. அந்நாளின் சிறந்த நிபுணர்கள் சுற்றி நின்றார்கள். சில மணி நேரத்துக்குள் அவர் இறந்தார். அறுந்த பெருநாளத்தைத் தைத்து மறுபடியும் இரத்தம் ஓடவைப்பது ஆகாத காரியம் என்பது அன்றைய சித்தாந்தம். அதே ஊரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவருக்கு மட்டும் அந்தச் சித்தாந்தம் பிடிக்கவில்லை. அவர் பெயர் அலெக்ஸிஸ் கரேல். இருபத்தோரு வயது நிறைய அன்றைக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி. துணி கிழிந்தால் தைக்கிறோம், நாளம் கிழிந்தால் ஏன் தைக்கலாகாது என்று அவர் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பிறந்ததும் ஜவுளி வியாபாரக் குடும்பம். லியோனோ பட்டு நெசவுக்கும் பூவேலைக்கும் பேர்போன ஊர்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஊசிகள் அந்தக் காரியத்துக்குக் கடப்பாரை போன்றவை, நூல்களோ கயிறு. ஆகவே கரேல் வைத்தியப் பேராசிரியர்களைத் தேடிப் போகாமல், அவ்வூரிலே பூவேலையில் கைதேர்ந்தவரான லெருடியே அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தார். தமிழில் தையல் என்ற சொல் ஊசித்தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும் விசேஷம் பிரெஞ்சு மொழிக்கு இல்லாவிட்டாலும், அந்த அம்மையாரின் வீட்டிலே இரண்டு பொருளும் ஒன்றாயிருந்தன. மயிரிழை போன்ற ஊசியை எப்படிப் பிடிப்பது, பட்டிழையை முறுக்கேறாமல் எப்படி இழுப்பது, மெல்லிய துணியில் துளை பெரிதாகாமல் எப்படிக் குத்துவது என்பவற்றை, இராஜாங்க உடுப்புக்களுக்கும் கோவில் திரைகளுக்கும் இழை ஓட்டுகிற மரபிலே வந்த கையிலிருந்து அவர் கற்றுக்கொண்டார்.

கற்ற கைக்கு ஒரு யுக்தியும் சேர்ந்தது. குழாயைக் குழாயோடு வைத்துத் தைப்பதிலே உள்ள கஷ்டம் இது: வாய் வட்டமாயிருப்பதால், தைக்கத் தொடங்கியவுடன் அது சுருங்கி வாடிவிடும், ஊசி முன்சுவரைக் குத்துவதோடு நிற்காமல் பின்சுவரையும் சேர்த்துக் குத்தி, வழியையே அடைத்துவிடும். கரேல் முதலில் மூன்று தையல்களை மட்டும், வட்டத்தை மூன்று சம பாகமாக்கி, போட்டு முடிந்தார். அந்த மூன்று நூல்களையும் மூன்று திசையில் இழுத்துப் பிடித்தால், வட்டம் மறைந்து முக்கோணம் தோன்றும். பிறகு வட்டத்தைத் தைக்கவேண்டியதில்லை. நேர்கோடுகள் மூன்றைத் தைத்தால் போதும். நேர்கோட்டில் துணியோரம் தைப்பது பூவேலைக்காரியின் வீட்டுச் சிறுமிக்கும் தெரிந்த வித்தை. நூலை வாஸலினில் தோய்த்து, நாளத்தின் உட்சுவர் உட்சுவரோடு பொருந்தும்படி ஓரங்களைச் சிறிது வெளியே மடித்துத் தைத்ததனால், இரத்தம் பட்டு உறைவதும் நின்றது. 1902இல் லியோன் நகரத்து வைத்தியப் பத்திரிகையில் இம்முறையை அவர் வெளியிட்டார். பிறகு அமெரிக்கா சென்று, சிக்காகோவிலும் நியூயார்க்கிலும் நாய்களின்மேல் அப்பியாசத்தைத் தொடர்ந்தார்.

1908இல் நியூயார்க்கில், பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை இரத்தம் கசிந்து வெளுத்துப்போய், பிழைக்கும் என்ற நம்பிக்கை அற்றுக் கிடந்தது. எடுத்த இரத்தத்தை உறையாமல் வைத்திருக்கும் உப்பின் உபயோகம் 1914இல்தான் தெரியவந்தது; ஆகவே ஒருவருடைய நாளத்தை மற்றொருவருடைய நாளத்தோடு நேரே இணைப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. தகப்பனாருடைய மணிக்கட்டு நாளத்தைக் குழந்தையின் கால் நாளத்தோடு கரேல் தைத்தார். வாடிய வாழைத்தண்டு போலிருந்த உடம்பு சிவந்து, குழந்தை அழத் தொடங்கிற்று. 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்திலே, 1935இல் அவர் எழுதிய நூலொன்றில், மனிதரில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பிரித்து, வேண்டாதவரைக் களைந்தெறியும் கொடிய கொள்கைக்கு இடம் கொடுத்தார் என்பதையும் மறைக்கலாகாது. ஊசி பிடித்த கைக்கு லெருடியே அம்மையார் கற்பித்தது தையல் ஒன்றுதான்.

நாய்களைப்பற்றிச் சொன்னேன். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் 1905இல் மாணவர்களுக்கென்றே ஒரு பயிற்சிச் சாலையை ஏற்படுத்தி, பழைய ஸ்காட்லாந்து நிபுணர் ஜான் ஹண்டரின் பெயரை அதற்கு இட்டார்கள். அங்கே ஹார்வி குஷிங் என்பவர் நடத்திய வகுப்பில், நாயை மயக்கி, கை கழுவி, மனித நோயாளிக்கு எழுதுவதைப்போலவே அதற்கும் குறிப்பெழுதி, தைத்து முடிந்து பழகினார்கள். அதே கல்லூரியின் ரண சிகிச்சைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குடல்நரம்பைவிட மெல்லிய பட்டுநூலே மேல் என்று 1913இல் எழுதினார். சதையைவிட நூல் பலமாயிருக்க வேண்டியதில்லை. பலமான நூலைக் கொண்டவன் இறுக்கி முடிந்து சதையைக் கொன்றுவிடுவான். மெல்லிய நூலோ, அளவுக்கு மீறி இழுத்தால் தானே அறுந்து தைப்பவனுக்குப் புத்தி சொல்லும். பிற்காலத்தில் நாய்கள் போய், பன்றிக்காலும் கோழித்தொடையும் வாழைப்பழத் தோலும் வந்தன. இப்போது தோலும் கொழுப்பும் சதையும்போல மூன்று அடுக்காகச் செய்த சிலிக்கோன் பலகை கடையிலே விற்கிறது. அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சேறடைத்த தோற்பைதான் ஞாபகம் வந்தது.

கட்டிற்கம்பியில் நான் முடிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். போன இடத்திலும் விரல் சும்மா இருக்கவில்லை; திண்ணைத் தூணில் ஓர் ஆணி கண்டு, அதில் பட்டுநூலை மாட்டி, இடது கையால் முடியத் தொடங்கினேன். எதிரே பாட்டி தண்ணீரில் நனைத்த வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்பும் காம்பும் எதிரெதிராக; நாரை ஒரு சுற்று; விரலில் ஒரு வளையம்; அதைக் காம்புகளின்மேல் கவிழ்த்து ஓர் இழுப்பு. கண் பூவின்மேல் இல்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் பத்து முடிச்சுப் போடுவதற்குள் அவள் அரை முழம் தொடுத்துவிட்டாள்.

"ஏண்டா, இதுக்கா காலேஜிலே சம்பளம் கட்டறோம்?" என்றாள்.

"இறுக்கறதுதான் பாட்டி வரமாட்டேங்கறது. இறுக்கினால் அறுந்துபோகிறது, விட்டால் நழுவிப்போகிறது" என்றேன்.

"காம்பு அறுந்தாப் பூப் போச்சு. தளர விட்டாத் தலையிலே வைக்கறச்சே உதிரும். நாருக்கு உன் கோபம் தெரியப்படாது." இப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, ஆணியில் வரிசையாகத் தொங்கிய என் முடிச்சுக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். ஆறாவதோ ஏழாவதோ வந்தபோது விரல் நின்றது. நகத்தால் மெல்ல நெம்பினாள். நூல் சத்தமில்லாமல் அவிழ்ந்து கீழே விழுந்தது.

"இது நிக்காதுடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பூக்கூடையண்டை போய் உட்கார்ந்துகொண்டாள்.